அக்காவுக்காகப் பதில் சொன்னவள்

அவசரப் பிரிவில் உட்காருவதற்கு, மருந்து அறைக் கதவையொட்டிய நாற்காலிதான் வசதி. மின்விசிறிக் காற்று நேராக வரும். மருத்துவர் கூப்பிட்டால் முதலில் நம் காதில்தான் விழும். மூன்று வருடங்களில் பதினேழு முறை அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவுக்கு முப்பத்தொரு வயது. ஆஸ்துமா. இழுப்பு வந்தால் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. அப்பா அம்மா இல்லாத வீடு, கூட ஒரு ஆள் வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றேன். எனக்கு வருத்தமில்லை. பள்ளியில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவசரப் பிரிவில் அப்படியில்லை. எப்போது ஆரம்பித்தது, எத்தனை தடவை மருந்து இழுத்தாள், மூச்சின் வேகத்தை அளக்க ஊதும் குழாயில் எந்த எண் வரை வந்தது, எல்லாம் நான்தான் சொல்வேன். மருத்துவர்கள் பேனாவைப் பிடித்தபடி என் வாயைப் பார்ப்பார்கள்.

"வாங்க குட்டி டாக்டர், உங்க பேஷன்ட் இன்னைக்கு என்ன கலாட்டா பண்ணினாங்க?" என்பார் மூத்த நர்ஸ். முகமூடிக்குள்ளிருந்தபடியே அக்கா கும்பிடுவாள்.

பதினாறாவது முறை, தினமும் இழுக்கும் தடுப்பு மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். அதில் இழுப்பு அடங்கியது. இரண்டு மாதத்தில் அக்கா நிற்காமல் மாடியேறினாள். பாத்திரம் தேய்க்கும்போது பாடினாள்.

"எனக்குக் காவல் காத்தது போதும்டி. பள்ளிக்கூடத்துல பேசிட்டேன். அடுத்த மாசம் போற."

"வேணாம்க்கா."

"வேணாமா? ஆயுசுக்கும் என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டே அலையப் போறியா?"

மறுநாளிலிருந்து அதே தடுப்பு மருந்தின் தீர்ந்துபோன பழைய குப்பியைக் கொடுத்தேன். மருந்து தீர்ந்தாலும் அமுக்கினால் புஸ்ஸென்று காற்று வரும். வேலைக்கு ஓடும் அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை. புதியதை நான் எறியவில்லை. என் துணிகளுக்கு அடியில் இருக்கிறது, நீங்கள் எடுத்துப் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் இழுப்பு வந்தது. மூத்த நர்ஸுக்கு அன்று மாலைப் பணி. மருத்துவர் என்னிடம் கேட்டார்.

"தடுப்பு மருந்து தினமும் எடுக்கறாங்களா?"

"ஒருநாள்கூட விடல சார்."

"அப்ப இவ்வளவு மோசமாகக் கூடாதே. சரி, பேச முடிஞ்சதும் அவங்ககிட்டயே கேக்கறேன்."

அந்த நேரம் ஒரு பேருந்து விபத்தில் அடிபட்டவர்களைக் கொண்டுவந்தார்கள். அக்காவின் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி அடிபட்ட ஒருவரின் விரலுக்குப் போனது. "ஏதாவது மாறினா உடனே கூப்பிடும்மா" என்று சொல்லிவிட்டுப் புது நர்ஸ் ஓடினார்.

அரை மணி நேரத்தில் நெஞ்சுக்குள் கேட்ட விசில் சத்தம் நின்றது. சத்தம் குறைந்தால் குணமாகிறது என்று கூட வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. காற்றே உள்ளே போகாதபோதும் சத்தம் இருக்காது. இதை முதல் வருடமே மூத்த நர்ஸ் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் இருந்த பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" தூரத்திலிருந்தே நர்ஸ் கேட்டார்.

"சத்தம் நின்னுடுச்சு சிஸ்டர். தூங்கறாங்க."

"அப்பாடா."

அவள் பேச வேண்டாம் என்று மட்டும்தான் நினைத்தேன். அவள் கையை நான் எடுத்துவிடவில்லை. அதுவாகத்தான் விட்டது.

மாலையில் மூத்த நர்ஸ் வந்து என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "நீ மட்டும் இல்லேன்னா அவ இத்தன நாள் இருந்திருக்க மாட்டாம்மா" என்றார்.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அது உண்மை.