நான்காவது வாளி

ஒரு குதிரை குடித்த வாளியில் இன்னொரு குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. குதிரை வளர்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. என் லாயத்தில் மூன்று குதிரைகள், மூன்று வாளிகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கிறேன். நான்காவது வாளி யாருக்கு என்று நேற்றுக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். வாயால் சொன்னால் முன்பின்னாகிவிடும். அதனால் எழுதித் தருகிறேன்.

பாறசாலை, தனுவச்சபுரம் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். பதினொரு வருடத்தில் ஒரு குதிரையைக்கூட நான் நோய்க்குக் கொடுத்ததில்லை. சீக்குப் பிடித்த குதிரையும் அதைத் தொட்ட எதுவும் இருபத்தொரு நாள் தனிக் கொட்டிலில் இருக்க வேண்டும். இதுதான் என் முறை.

குதிரைக்காரன் ஞானையன் நல்லவன். நிலச் சட்டம் வந்தபோது, என் நிலத்தில் அவன் குடிசை நின்ற பத்து சென்ட் அவன் பெயருக்கே போயிற்று. எனக்கு வருத்தமில்லை. நிலப் பட்டயம் கிடைத்த மறுநாளும் அவன் லாயத்துக்கு வந்தான். அவன் குரல் கேட்டால்தான் குதிரைகள் கொள்ளில் வாய் வைக்கும்.

பிறகு அவனுக்குத் துபாய் விசா வந்தது.

புறப்படுகிற அன்று, ஆடி மாதக் கர்க்கடக மழையில், தகரப் பெட்டியோடு குதிரைகளிடம் சொல்லிக்கொள்ள வந்தான். வெள்ளைப் பெண்குதிரைக்குத் தொண்டை வீங்கி மூக்கு ஒழுகியதால், அதை ரப்பர் தோட்டத்துக் கோடியில் தனிக் கொட்டிலில் கட்டியிருந்தேன். அவன் உள்ளே போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். தொட்டுவிட்டான். நான் வெளியே தாழ்ப்பாளைப் போட்டேன்.

“மொதலாளி, வெளையாடாதீங்க. பஸ்சு போயிரும்.”

“இருபத்தொரு நாளு, ஞானையா.”

“எனக்குக் குதிரைச் சீக்காக்கும்? இனி கனைச்சும் காட்டணுமோ?” என்று சிரித்தான். பஸ் போன சத்தம் கேட்ட பிறகு சிரிக்கவில்லை.

வேளை தவறாமல் ஜன்னல் வழியாகக் கஞ்சி கொடுத்தேன். தண்ணீர் நான்காவது வாளியில். பினாயில் தெளித்து, வேப்பிலைப் புகை போட்டேன். தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் அவன் கத்தியது ரோடு வரை போகவில்லை. லாயத்தில் நின்ற குதிரைகள் மட்டும் காதைத் திருப்பின, கொள்ளைத் தின்றன.

அவன் மனைவி சத்தியபாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. வளைகுடாவில் இருப்பவர்களின் வீட்டுக் கடிதங்களை எங்கள் பக்கத்தில் நான்தான் எழுதுகிறேன், வாசித்தும் சொல்கிறேன். பத்தாம் நாள், ஞானையன் பம்பாயிலிருந்து எழுதியதாக ஒன்று எழுதி அவளுக்கு வாசித்தேன். சுகமாக வந்து சேர்ந்தேன், விமானத்துக்குக் காத்திருக்கிறேன், வெள்ளைக் குதிரைக்கு வீக்கம் வடிந்ததா?

“எனக்க சொகம் கேக்க ஒரு வரி இல்ல, பாத்தியளா? இந்த மனுசன் குதிரையத்தான் கெட்டியிருக்கணும்,” என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அடுத்த கடிதத்தில் அவள் சுகத்தையும் கேட்டு எழுதினேன்.

பதினைந்தாம் நாள் வீக்கம் உடைந்து குதிரை தேறியது. அவனுக்கு ஈரத்தில் காய்ச்சல் கண்டு நெஞ்சில் இறங்கியது.

“ஒரு டாக்டரக் கூட்டிட்டு வாங்க மொதலாளி. நான் எங்கயும் போகல்ல. சத்தியமா போகல்ல.”

பத்தொன்பதாம் நாள் வாளியில் தண்ணீர் குறையவில்லை. இன்னும் இரண்டு நாள் இருந்ததால் காத்திருந்தேன். இருபத்தொன்றாம் நாள் திறந்தபோது, குதிரை அவனை மிதிக்காமல் சுவரோடு ஒட்டி நின்றது. நோயில் செத்ததைப் புதைக்கும் முறைப்படி ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு போட்டேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். ஆறாம் நாளே நெய்யாற்றின்கரைக்குப் போய் மிருக டாக்டரிடம் குதிரையின் நிலையைச் சொன்னேன். குதிரைக்குக் குதிரை பரவும், மனிதருக்கு வராது என்றார். திரும்பி வந்து கொட்டில் வரை போனேன். அவன் விசா முடிய இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தது. தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது.

மூன்று குதிரைகளுக்கும் இப்போது ஒரு நோயும் இல்லை. நான் வைக்கும் கொள்ளைத்தான் நான்கு நாளாகத் தொடவில்லை. ஞானையன் வந்து ஒரு குரல் கொடுத்தால் தின்றுவிடும்.