ஏழாம் நம்பர் வீடு

“நீங்களும் அந்த அக்காவும் நெசமாவே ஒரே வீட்டுலதான் இருக்கீங்களா?” என்று பொன்னமராவதியில் ஒரு சிறுமி என்னைக் கேட்டாள். வெள்ளிதோறும் பஞ்சாயத்து ரேடியோவில் எங்கள் நாடகத்தைக் கேட்பவளாம். ஆமாம் என்றேன். குழந்தையிடம் பொய் சொல்வது பாவம். ஆனால் அது எனக்குப் பொய்யாகப் படவில்லை.

செயலாளர் ஐயா, செவந்திக்கு என்ன நேர்ந்தது என்று நடிகர் சங்கத்தின் சார்பில் நீங்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.

1957 முதல் மூன்று ஆண்டுகள் ‘ஏழாம் நம்பர் வீடு’ என்ற சிரிப்பு நாடகத்தில் நானும் அவளும் கணவன் மனைவியாகப் பேசினோம். புதுக்கோட்டையில் பஸ் ஏறித் திருச்சி ரேடியோ நிலையத்துக்குப் போய், வாரம் அரை மணி நேரம். அந்த அரை மணியில் அவள் என்னைச் சோற்றுக்குக் கூப்பிடுவாள்; என் குறட்டையைப் பற்றித் தன் மாமனாரிடம் புகார் சொல்வாள். மற்ற நாட்களில் நான் பிரகதாம்பாளைத் தரிசித்துவிட்டு வந்து, என் அறையில் தனியாகச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வேன்.

ஒருமுறை பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரப் போனேன்.

“ரேடியோவுலதான் நான் ஒங்க பொண்டாட்டி. அங்கிட்டுப் போயி ஆம்பளைங்க சீட்டுல உக்காருங்கண்ணே” என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாமனாராகப் பேசிய ராக்கன்தான் முதலில் சென்னைக்குப் போனவர். நான்கு படங்களில் பிணமாகப் படுத்து எழுந்தார். பிறகு அங்கேயே சைக்கிள் கடை வைத்துவிட்டார். சினிமா மனிதரை என்ன செய்யும் என்று பார்த்தவன் நான். அதனால் செவந்திக்கும் அங்கிருந்து கடிதம் வந்தபோது கவலைப்பட்டேன்.

“திங்கக்கெழமை போறேண்ணே. பேசிக் காட்டணுமாம், பாடிக் காட்டணுமாம். நாடகத்துக்கு வேற பொண்டாட்டி பாத்துக்கங்க” என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நம் நாடகக்காரர்கள் பிறர் மடித்த வெற்றிலையைத் தொடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். குரலைக் கெடுக்க மருந்து வைப்பார்கள் என்ற பயம். செவந்தி தன் ஆத்தா கொடுத்தாலும் பிரித்துப் பார்ப்பாள். என்னிடம் மட்டும் அப்படியே வாங்கி வாயில் போட்டுக்கொள்வாள். “அண்ணன் சாமி கும்புடுற மனுசன்” என்பாள். அந்த நம்பிக்கைக்கு நான் துரோகம் செய்யவில்லை. உயிருக்கு ஆபத்து இல்லையா என்று இரண்டு பேரிடம் விசாரித்த பிறகே வைத்தேன்.

திங்கட்கிழமை காலை அவள் பேசியது காய்ந்த பனையோலை உரசுவது போலிருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. குரல் போனால் நாடகமும் போகும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. அடுத்த வெள்ளியன்று அந்த நேரத்தில் ரேடியோவில் யாரோ வயலின் வாசித்தார்கள். முழுவதையும் கேட்டேன்.

மூன்று மாதம் கழித்து அதே சென்னைக்காரர்கள் எனக்குக் கடிதம் எழுதினார்கள். நல்ல வேடம், உடனே புறப்படவும் என்று இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். அவள் போக முடியாத ஊருக்கு நானும் போகவில்லை. அவளுக்கு நான் பட்ட கடன் அத்துடன் தீர்ந்தது. இதற்குச் சாட்சி கிடையாது. சாட்சி வைத்துச் செய்தால் அது தர்மமும் ஆகாது.

இப்போதும் தினமும் பாலில் பனங்கற்கண்டு போட்டு அவள் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். சிறு உதவிகள்தான் மனிதரை மனிதரோடு சேர்த்து வைக்கின்றன. உள்ளே நடமாட்டம் கேட்கும். தட்டினால் கதவு திறப்பதில்லை. வாசற்படியில் வைத்துவிட்டு வந்த செம்பு மறுநாளும் நிறைந்தபடியே இருக்கும்.

‘வாங்க’ என்று சொல்லக் குரல் இல்லையே என்ற கூச்சம்தான் அவளுக்கு.