புதைக்க மனசு வராத குழாய்

விருத்தாசலம் ஸ்டேஷனில் பிளாட்பாரம் டிக்கெட் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்றவர் மனைவியிடம் சொன்னார்: "அந்தக் கொழாய மண்ணுல பொதைக்க எனக்கு மனசே வரல."

அவர் வேப்பூரில் இரண்டு நாள் வேலை முடித்துப் பையோடு நேராக வந்திருந்தார். அந்த அம்மாள் வீட்டிலிருந்து வந்திருந்தார். தலைப்பிரசவத்துக்கு வரும் மகளை அழைத்துப்போக வந்தவர்கள்.

"கக்கூஸுக்கு வாங்குன கொழாய கூடத்துல அடுக்கி வச்சி, வர்றவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டே இருந்தா ஆச்சா? பொண்ணு இந்த வயித்தோட கொல்லைக்கா போவா?"

"பீங்கான் கொழாய்டி. என்னா பளபளப்பு! தட்டுனா மணி மாதிரி கேக்குது. அத யாரு கண்ணுலயும் படாம மூடணுமா?"

"நேத்தே மூடியாச்சு."

அவர் திரும்பினார். "யாரக் கேட்டு?"

"மேஸ்திரிய நாந்தான் வரச்சொன்னேன். நீங்க இருந்தா விடமாட்டீங்க."

வரிசை நகர்ந்தது. அவர் நகரவில்லை. பையைத் தோள் மாற்றிக்கொண்டு கேட்டார்.

"கொழாயோட அகல வாய மேட்டுப் பக்கமா வச்சானா?"

"ஆமாங்க. தண்ணி ஊத்திப் பாத்தோம், தொட்டி வரைக்கும் நிக்காம ஓடுது."

"ஒவ்வொண்ணா தட்டிப் பாத்தியா?"

"பாத்துட்டுதான் எறக்க விட்டேன். எல்லாம் மணிதான், ஒண்ணுலயும் விரிசல் இல்ல."

"ம்."

"ஒடைஞ்சா ஆவும்னு கூட வாங்குன ஒண்ணு மீந்துடுச்சு. தொடச்சி கூடத்துலயே நிறுத்தி வச்சிருக்கேன்."

அவர் முகம் தெளிந்தது. ஜன்னலில் காசை நீட்டி, உள்ளே இருந்தவரிடம் சொன்னார்:

"ரெண்டு டிக்கெட் குடுங்க சார். ஒரு நாளு வூட்டுக்கு வாங்க, ஒண்ணு காட்டணும்."