பெரியம்மாவை நிறுத்திய ஏழு நாள்

ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், ஐயா. இருபத்திரண்டு வருஷம் சர்வர் அறையில் இருந்தவள் நான். குளிர் எலும்புக்குள் குடிவந்துவிட்டது, வாடகையும் தருவதில்லை.

இந்த மருத்துவமனையில் முன்பு நாற்பத்தொரு சர்வர்கள். மருந்துக்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, லிஃப்ட் கேமராவுக்குக்கூட ஒன்று. பத்தில் ஒரு பங்கு நேரம் வேலை பார்த்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் மின்சாரத்தைத் தின்றுகொண்டு புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தன. நான் இரண்டே பெரிய இயந்திரங்களை வாங்கி, அத்தனையையும் அவற்றுக்குள் குடிவைத்தேன். மெய்நிகர் சர்வர் என்பார்கள். ஒரே வீட்டில் தடுப்புச் சுவர் வைத்துப் பல குடித்தனம். ஆளாளுக்குத் தனி வீடு என்று நினைப்பு. மின்கட்டணம் பாதியானது. புது சர்வர் கேட்டால் முன்பு ஆறு வாரம். இப்போது டீ ஆறுவதற்குள் தயார்.

எனக்கு முன் கணினிப் பிரிவின் தலைமை நாற்காலியில் இருந்தவரைத் தலைவர் என்போம். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"ஊர் மாட்டையெல்லாம் ரெண்டே தூண்ல கட்டுறியேம்மா."

"கல்தூண், சார்."

"தூண் கெடக்கட்டும். எந்த மாடு யாருதுன்னு தெரியுமா?"

மனிதர் சொன்னது பலித்தது. அவரிடம் எனக்குப் பிடிக்காத குணமே அதுதான். சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்? இரண்டு வருஷத்தில் நூற்று அறுபது சர்வர்கள். பெற்றுப் போட்டவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. தலைவர் காலத்துப் பழைய சர்வர்கள் அதைவிட மோசம்: சித்தப்பா, நாத்தனார், பெரியம்மா என்று உறவுமுறையில் பெயர். எது என்ன வேலை பார்க்கிறது என்று எழுதித் தரச் சொன்னால், "எல்லாம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டுவார். ஓய்வு பெற்ற மறுவருஷம், தட்டிய அதே இடத்தில் ரத்தக்குழாய் அடைத்துப் பேச்சுப் போயிற்று. எங்கள் மூன்றாம் மாடியிலேயே ஒன்பதாம் கட்டில் கிடைத்தது. அந்தப் பிரிவில் பதினொரு பேர். ஒருவருக்கும் குரல் எழும்பாது.

சொந்தக்காரர் தெரியாத சர்வருக்கு எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். யார் கத்துகிறாரோ, அவருடையது. ஏழு நாள் யாரும் கத்தாவிட்டால் அழித்துவிடலாம். சித்தப்பாவை நிறுத்தினேன், ஐந்தாவது நிமிடம் எக்ஸ்ரே பிரிவு கத்தியது. நாத்தனாரை நிறுத்தினேன், சமையலறை கத்தியது, அதுவும் கெட்ட வார்த்தையில். பெரியம்மாவைத் திங்கட்கிழமை நிறுத்தினேன். மூச்சுப் பேச்சில்லை.

புதன்கிழமை தலைவரைப் பார்க்கப் போனேன். வெறுங்கையோடு அல்ல, ஆரஞ்சு வாங்கிக்கொண்டுதான். வராந்தாக் கோடியில் நர்ஸ் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சிஸ்டர், ராஜ வாழ்க்கையா?"

"ரெண்டு நாளா ஒருத்தரும் மணி அடிக்கலக்கா. யாரு செஞ்ச புண்ணியமோ, எல்லாரும் சமத்தா படுத்திருக்காங்க."

தலைவர் கட்டிலோரத்து அழைப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார். பிறகு என் கண்ணையே பார்த்தபடி மறுபடியும் அழுத்தினார். வராந்தாவில் மணி கேட்கவில்லை. கட்டைவிரலில் தோல் உரிந்திருந்தது. எப்போதோ ஒரு மதியம் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது: "எங்க பெரியம்மா இருக்காளே, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவா."

புரிந்துவிட்டது, அந்த மணியை அடிப்பவள் பெரியம்மாதான். புரியவில்லை என்று சொன்னால் நீங்களும் நம்பமாட்டீர்கள். மீண்டும் இயக்க ஒரு சொடுக்குப் போதும். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை நிர்வாகக் குழுவில் என் அறிக்கை. சொந்தக்காரர் தெரியாத சர்வர் ஒன்றுகூட மிச்சமில்லை என்று எழுதியாயிற்று. நடுவில் பெரியம்மாவை எழுப்பினால் மாடு, தூண் எல்லாம் மறுபடி கிளம்பும். தவிர, விதி என்று ஒன்று இருக்கிறது. கத்தினால்தான் கணக்கு. அவர் அழுத்தினாரே தவிர, கத்தவில்லை.

"ரெஸ்ட் எடுங்க, சார்," என்று பொத்தானைக் கையிலிருந்து மெல்ல எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆரஞ்சை உரித்தும் வைத்தேன்.

சனிக்கிழமை மதியம் சளி தொண்டையை அடைத்துப் போய்விட்டார். எட்டிப் பிடித்திருக்கிறார் போலிருக்கிறது. பொத்தான் கையில்தான் இருந்தது.

"ஒரு தடவை அடிச்சிருந்தா ஓடியிருப்பேனேக்கா," என்று நர்ஸ் அழுதாள். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை.

திங்கட்கிழமை காலை பெரியம்மாவை அழித்தேன். 'ஏழு நாளில் யாரும் புகார் சொல்லவில்லை' என்று படிவத்தில் எழுதியதும், கீழே உள்ள கையெழுத்தும் என்னுடையவைதான். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, ஐயா. மூன்றாம் மாடியில் இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள். வேண்டுமானால் போய்க் கேட்டுப் பாருங்கள்.