குருணை தின்ன கோழி

ஹலோ… ஆமா, உமாராணிதான் பேசுதேன். மில்லுலதான் இருக்கேன்… இருங்க, ஒண்ணும் கேக்கல. ஏட்டி சோலை, மெஷின நிப்பாட்டு!… ம், இப்ப சொல்லுங்க விஜயராஜ் அண்ணாச்சி.

… என்ன பேப்பர்?… நான் எதுக்கு கையெழுத்துப் போடணும்?

… என்னது? ஒங்க பொடியில நிலாவாரை கலந்தது என் மில்லுலதான்னு நான் எழுதிக் குடுக்கணுமா? நிறுத்துங்க… நிறுத்துங்கங்கேன்!

… ஆமா, ஆமா. எட்டயபுரத்துல பாண்டிச்செல்விக்கு பேதி நிக்காம மூணு நாளு குளுக்கோஸ் ஏறுனது எனக்கும் தெரியும். ஒடம்பு மெலியும்னு நம்பிக் குடிச்சிருக்கா. பாக்கெட்டுல கொள்ளு, முருங்கை, நெல்லி, சீரகம்னுதான போட்டிருக்கீங்க? அதுல பேதியாக்குற நிலாவாரை இலை எங்கன இருந்து வந்துச்சு?

… முன்னால யாரோ அரைச்சது கல்லுல ஒட்டியிருந்துச்சா? யாரு அரைச்சா? அன்னைக்கு ஒங்களுக்கு முன்னால முப்பிடாதி அண்ணன் வீட்டுக் கம்பு. அது முடிஞ்சு ரெண்டு படி அரிசிக் குருணைய ஓட்டி கல்லத் தொடச்சிட்டுத்தான் ஒங்க மூட்டைய அவுத்தேன். ஒங்களுதுக்கு அப்புறமும் அதே மாதிரி ஓட்டுனேன். குருணை ஓட்டாம அடுத்த சரக்க நான் தொட்டதே கிடையாது.

… முழுசாக் கேளுங்க! அந்தக் குருணை மாவ எங்க கோழிக்குப் போடுவேன். கம்புக்கு அப்புறம் ஓட்டுனதத் தின்னுட்டு நல்லாத்தான் மேஞ்சுச்சு. ஒங்க சரக்குக்கு அப்புறம் ஓட்டுனதத் தின்னுச்சு பாருங்க, மறுநாள் நாலு கோழியும் கழிஞ்சு கழிஞ்சு தலையத் தொங்கப் போட்டுடுச்சு.

… சிரிக்கீங்களா? சிரிங்க. நானும் கோழிச்சீக்குன்னு நெனச்சு சின்ன உள்ளியும் மஞ்சளும் அரைச்சு ஊட்டுனேன், கூறுகெட்டவ. அன்னைக்கே புரிஞ்சிருந்தா அந்தப் புள்ள வாயில இது போயிருக்காதே. அதாம் எனக்கு வயிறு எரியுது.

… கோழி கழிஞ்சதச் சொன்னா யாரு நம்புவாவன்னா கேக்கீங்க? கோழி தின்ன மிச்ச மாவு டப்பாவுல கெடந்துச்சு. காலையில கலப்படம் புடிக்கிற ஆபீசர் வந்து சீல் வச்சு கொண்டு போயிட்டாவ… ஆமா, நாந்தான் போன் போட்டேன். நாந்தான் குடுத்தேன்!

… வார்த்தைய அளந்து பேசுங்க அண்ணாச்சி… இனிமே சரக்கு அனுப்ப மாட்டீங்களா? அனுப்பாதீங்க… தெரியும், ஒங்க சரக்கு இல்லாட்டி மாசத்துல பாதி நாள் என் மெஷின் சும்மாதான் கெடக்கும். கெடக்கட்டும்! விளாத்திகுளத்து மிளகா வத்தல அரைச்சுக் கஞ்சி குடிச்சிக்கிடுதேன்.

… நேர்ல வாரீங்களா? வாங்க, வாங்க. பேப்பரக் கொண்டாங்க. கையோட ஒங்க பொடியிலயும் ஒரு பாக்கெட் எடுத்துட்டு வாங்க. வெந்நி நான் வச்சுத் தாரேன். அதுல போட்டிருக்கபடி காலையில ரெண்டு கரண்டி, சாயந்தரம் ரெண்டு கரண்டி, எம்முன்னால உக்காந்து மூணு நாளு குடிங்க. குடிச்சிட்டு எந்திரிச்சு நின்னு பேப்பர நீட்டுங்க. கையெழுத்துப் போடுதேன்…

ஹலோ?… அண்ணாச்சி?… ஹலோ?

வச்சிட்டாவ.