பாரிஸில் கண்ட அண்ணன்

ஜெர்மனியில் ஹம் நகருக்குப் போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ் இளைஞர்கள். ஒருவன் சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“செத்துப்போன அண்ணையைப் பாரிஸில கண்டனான், மச்சான்.”

“விசர்க்கதை கதையாத.”

“உண்மையடா. சிநேகிதன் ஒருத்தனோட மலிவு பஸ்ஸில ஊர் பார்க்கத்தான் போனது. ஈபிள் கோபுரத்துக்குக் கீழ நிண்டு, கொண்டுபோன பாண் துண்டைச் சாப்பிடேக்க, ஒராள் சாவிக்கொத்து விக்குது. பார்த்தா அண்ணை!”

“படகு கவிண்டு செத்திட்டாரெண்டு அந்தியேட்டிக் கிரியையும் செய்தனீங்களெல்லோ?”

“ஓம், உடம்பு கிடைக்கேல்லை. இந்திய மீன்பிடிகாரர் காப்பாத்தினவையாம். அங்கயிருந்துதான் பாரிஸுக்கு வந்து சேர்ந்தவராம். அவர் போட்ட கடிதம் ஒண்டும் எங்களுக்கு வரேல்லை. என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதார். பிறகு கேட்ட முதல் கேள்வி, ‘உன்ர அண்ணி எப்பிடியடா?’”

மற்றவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

“போன ஆவணியிலதான் நாங்களே கெஞ்சி மண்டாடி அவவுக்கு மறுகலியாணம் செய்துவைச்சம்.”

“அதைச் சொன்னியோ?”

“சொல்ல ஏலாமல் போச்சு. சுகமா இருக்கிறா எண்டு மட்டும் சொன்னன். அவவைப் பாரிஸுக்குக் கூப்பிடத்தான் இப்ப தனியா ஒரு அறை எடுத்திருக்கிறாராம். வந்து பாரெண்டு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனார்.”