கிணற்றில் பாதி உரிமை

1974 ஏப்ரல் 25, வியாழக்கிழமை, பகல் 2.40 மணி. பாலக்காடு டவுன், கார்டன் காலனி, வடக்குத் தெரு, 9ஆம் எண் வீட்டில் வைத்து ஹெட் கான்ஸ்டபிள் ஏசுதாஸ் தமிழில் எழுதியது.

என் பெயர் சரஸ்வதியம்மாள். காலஞ்சென்ற பொங்கியண்ணனின் மனைவி. வயது 68. சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. முன்பு விவசாயம், இப்போது தொழில் ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை விடுதியில் தங்கிப் படித்திருக்கிறேன். தமிழும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரியும். மலையாளம் படிக்க மட்டும் தெரியும். இந்த வீட்டில் நான் தனியாக வசிக்கிறேன். என் ஒரே மகள் கமலாத்தாள் கோயம்புத்தூரில் குடும்பத்தோடு இருக்கிறாள்.

பின்பக்கத்து வீட்டில் வசித்த அழகுத்தாய் என்பவரின் மரணம் சம்பந்தமாக எனக்குத் தெரிந்ததைச் சொல்லும்படி சப்-இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார். நான் இந்த வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பதையும் கேட்டார்.

என் கணவர் 1969இல் காலமானார். அதற்கு அடுத்த வருஷம் வந்த நிலச் சட்டப்படி நிலத்தில் பெரும்பகுதி குத்தகைக் குடியானவர்கள் பேருக்குப் போயிற்று. மிச்சம் இருந்ததையும் ஊர் வீட்டையும் விற்றேன். மகள் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். இன்னொருவர் வீட்டில் இருந்து எனக்குப் பழக்கமில்லை என்று எழுதிவிட்டு, டவுனில் வீடு தேடினேன். ஆறுச்சாமி என்ற தரகர் இந்த வீட்டைக் காட்டினார். இந்தக் காலனியில் இருபத்திரண்டு வீடுகள், எல்லாம் 1950இல் ஒரே சமயத்தில் கட்டியவை. இந்த வீட்டில் இருந்தவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மகனோடு இருக்க மதராசுக்குப் போவதாக இருந்தார்.

நான் வீட்டைக் காலையில் ஒரு தடவையும், நடுப்பகலில் ஒரு தடவையும், மழையில் ஒரு தடவையும் வந்து பார்த்தேன். ஓடு, உத்திரம், கதவு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். சுற்றிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். நல்ல மனிதர்கள், இருபது வருஷமாக அதே குடும்பங்கள் என்றார் ஆறுச்சாமி. அதை அப்போது நல்ல விஷயமாக எடுத்துக்கொண்டேன். 1972 ஜூன் 12ஆம் தேதி கிரயப் பத்திரம் பதிவானது. எழுத்தர் ஏழரை சென்ட் என்பதை ஏழே கால் என்று எழுதியிருந்ததை நான் கண்டுபிடித்துத் திருத்தினேன். கடைசிப் பக்கத்தில் ‘கிணற்றில் பாதி உரிமை’ என்று இருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு ஆறுச்சாமி சொன்னது: “இந்தக் காலனில எல்லா ஊட்டுக்கும் அப்பிடித்தானுங்க அம்மா. ரெண்டு ஊட்டுக்கு ஒரு கெணறு. நடுவால செவுரு. உங்க பக்கம் உங்களுக்கு, அவுங்க பக்கம் அவுங்களுக்கு.”

சப்-இன்ஸ்பெக்டர் பார்த்தபடி, கிணறு என் வீட்டுக் கொல்லைக்கும் அழகுத்தாயின் கொல்லைக்கும் நடுவில் இருக்கிறது. கிணற்றின் வாயில் குறுக்கே இரும்புத் தண்டவாளம் போட்டு, அதன் மேல் ஏழடிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் தனித்தனி உருளை, தனித்தனிக் கயிறு. சுவருக்கு மேல் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆனால் கிணற்றுக்குள் சுவர் கிடையாது, ஆகையால் குனிந்து பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். அழகுத்தாயின் வீட்டு வாசல் தெற்குத் தெருவில் இருக்கிறது. என் வாசலிலிருந்து அங்கே போகத் தெருவைச் சுற்றிப் போக வேண்டும்.

குடி வந்து ஒரு வாரத்தில் ஒரு நாள் காலை, என் கயிறு மேலே வரவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல், “யாரு அந்தப் பக்கம்? இழுக்காதீக யக்கா, ரெண்டு கயிறும் பின்னிக்கிட்டு. நீங்க விடுங்க, நான் அவுக்கேன்” என்றது. அதுதான் அழகுத்தாயோடு எனக்கு முதல் பேச்சு. அவர் கணவர் சூரியநெல்லியில் ஒரு தேயிலை எஸ்டேட் பாக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்தவர் என்றும், ஓய்வுக்கு என்று இந்த வீட்டை வாங்கி, குடி வந்த இரண்டாம் மாதம் இறந்துவிட்டார் என்றும், ஒரே மகன் நல்லமுத்து குமுளியில் ஏலக்காய்க் கடையில் இருக்கிறான் என்றும் அன்றே சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை.

அதன் பிறகு தினமும் காலையில் தண்ணீர் இறைக்கும்போது பேசுவார். நான் முதலில் பதில் மட்டும் சொல்லி வந்தேன். இந்தத் தெருவில் என்னிடம் வேறு யாரும் பேசுவதில்லை என்பதையும் எழுதிக்கொள்ளலாம். மரியாதைக் குறைவாக யாரும் நடந்ததில்லை. வாசலில் கண்டால் சிரிப்பார்கள். இரண்டு வருஷம் ஆகியும் தபால்காரர் முதல் எல்லோருக்கும் இது ‘கார்டு வீடு’தான்.

பேச வேண்டும் என்று தோன்றினால் அழகுத்தாய் பித்தளைக் குடத்தால் சுவரில் மூன்று தடவை தட்டுவார். நான் கிணற்றடிக்குப் போவேன். நான் ஒரு நாளும் தட்டியதில்லை. அவரை நேரில் நான் பார்த்தது நான்கு தடவை, நான்கும் கடைத்தெருவில். அங்கே இருவரும் தலையை அசைத்துக்கொள்வோம். அவர் என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். வாசலுக்கு வந்து முறையாக அழைக்காததால் நான் போகவில்லை. நான் அவரை அழைக்கவில்லை. அதற்குக் காரணம் இல்லை.

இந்த வருஷம் பங்குனியிலேயே தண்ணீர் அடிக்கு இறங்கிவிட்டது. காலை ஏழு மணிக்கு மேல் வாளியில் சேறு வந்தது. அளவாக இறைக்கும்படி அழகுத்தாயிடம் இரண்டு தடவை சொன்னேன். அவர் அந்தப் பக்கம் ஒரு முருங்கைக்கும் ஏழெட்டுக் கத்தரிச் செடிக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஏப்ரல் 16ஆம் தேதி மூன்றாம் தடவை சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டு, “ஒங்க பாதி எது, எம் பாதி எதுன்னு தண்ணிக்குத் தெரியுமாக்கா? நீங்க வேணா கீழ இறங்கி ஒரு கோடு போட்டுட்டு வாங்க. நான் கயிறு பிடிக்கேன்” என்றார்.

மறுநாள் 17ஆம் தேதி நான் ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் காட்டிய கடிதம் அதுதான், கையெழுத்து என்னுடையது. எட்டடி தூரத்துக்கு ஏன் தபால் என்று அவர் கேட்டார். எழுத்தில் இருந்தால் பிறகு தகராறு வராது என்பதால் தபாலில் போட்டேன். காலை ஐந்து முதல் ஆறு வரை நான் இறைப்பது, ஆறு முதல் ஏழு வரை அவர் இறைப்பது, மாலையில் நான்கு முதல் ஐந்து வரை நான், ஐந்து முதல் ஆறு வரை அவர், மற்ற நேரத்தில் ஊற்று ஊறுவதற்காக இருவரும் இறைக்கக் கூடாது, ஒருவர் நேரத்தில் மற்றவர் கிணற்றடிக்கு வரக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறேன். அவருக்குக் கூட்டெழுத்து வாசிக்க வராது என்பதால் எழுத்துக்களைத் தனித்தனியாக எழுதினேன்.

கடிதம் 19ஆம் தேதி கிடைத்திருக்க வேண்டும். அன்று முதல் அழகுத்தாய் பேசவில்லை, குடத்தையும் தட்டவில்லை. சரியாக ஆறு மணிக்கு அவருடைய உருளைச் சத்தம் கேட்கும், ஏழுக்கு முன் நின்றுவிடும். 20ஆம் தேதியும் 21ஆம் தேதியும் அப்படித்தான். அவர் 22ஆம் தேதி காலை பஸ்ஸில் குமுளிக்கு மகனிடம் போவதாக இருந்தார் என்பதும், பாலும் பேப்பரும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார் என்பதும் எனக்குத் தெரியாது. பேச்சு இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

22ஆம் தேதி திங்கட்கிழமை காலை நான் சமையலறையில் இருந்தேன். மணி 5.20. ஹெட் கான்ஸ்டபிள் ‘சுமார் ஐந்தரை’ என்று எழுதியதைத் திருத்தச் சொன்னேன். அழகுத்தாயின் உருளைச் சத்தம் கேட்டது. அது என்னுடைய நேரம். கடிதத்தை மீறுகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு முன் குளிப்பதற்காக இறைத்தார் என்று இப்போது தெரிகிறது. ஒரு வாளி ஏறியது. இரண்டாவது வாளி பாதியில் உருளை வேகமாகச் சுற்றி, வாளி தண்ணீரில் விழுந்தது. கோபத்தில் விட்டெறிந்தார் என்று நினைத்தேன். அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை.

அன்று மாலையும், மறுநாள் செவ்வாய்க்கிழமை முழுவதும் உருளைச் சத்தம் கேட்கவில்லை. என் மேல் உள்ள வீம்பில் முனிசிபல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

24ஆம் தேதி புதன்கிழமை காலை 5.10க்கு நான் இறைத்தபோது வாளி கனமாக வந்தது. மேலே எடுத்துப் பார்த்தால், அழகுத்தாயின் கயிறு என் வாளியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. தூணில் கட்ட வேண்டிய நுனியும் அதில் இருந்தது. கோபத்தில் வாளியை எறிகிறவர்கள் கயிற்றின் நுனியை அவிழ்த்து எறிய மாட்டார்கள். அன்று அவசரத்தில் கட்டாமலே இறைத்திருக்கிறார். நான் குனிந்து, “ஏனுங்க, கயிறு பின்னிக்கிச்சுங்க” என்று இரண்டு தடவை சொன்னேன்.

அதன் பிறகு புடவை மாற்றிக்கொண்டு, தெருவைச் சுற்றி முதல் தடவையாக அவர் வாசலுக்குப் போனேன். கதவு உட்பக்கம் தாழிட்டிருந்தது. அந்தத் தெருவில் பால் ஊற்றிக்கொண்டு வந்த நஞ்சப்பனைக் கூப்பிட்டேன். அவர், “அந்தம்மா ஊருக்குப் போயிருக்குதுங்க. ஞாயித்துக்கெழமையே பாலு வேண்டாமுன்னு சொல்லிப்போட்டுதுங்க” என்றார். எதிர் வீட்டிலும் அதையே சொன்னார்கள். தெரு முழுக்க அவர் குமுளியில் இருப்பதாகத்தான் நினைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை அவர் வீட்டில் இருந்தார் என்பது எனக்கு மட்டுமே தெரியும். ஊருக்குப் போகிறவர் உள்பக்கம் தாழிட மாட்டார் என்று நஞ்சப்பனிடம் சொன்னேன். அவர் பக்கச் சுவர் ஏறிக் குதித்தார். உடனே முன்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, “நீங்க உள்ள வராதீங்கம்மா” என்றார். நான் போனேன்.

அழகுத்தாய் கிணற்றுச் சுவருக்கு ஓரமாக வலது பக்கம் ஒருக்களித்துக் கிடந்தார். உயிர் இல்லை. பித்தளைக் குடம் இடது கைக்கு அருகில் சாய்ந்து கிடந்தது. சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. நடையில் துணிப்பை ஒன்று கட்டி வைத்திருந்தது. அடுக்களையில் காலண்டருக்குப் பக்கத்தில் என் கடிதத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்திருந்தார், பக்கத்தில் கடிகாரம் இருந்தது. நஞ்சப்பனை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு, போலீஸ் வரும்வரை நான் அங்கேயே இருந்தேன். சுவரில் சுண்ணாம்பு எப்படி உதிர்ந்தது என்று நேற்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்குத் தெரியாது என்று சொன்னேன்.

பக்கவாதம் வந்து விழுந்திருக்கிறார் என்றும், விழுந்த பிறகு அன்று சாயங்காலம் வரையாவது உயிர் இருந்திருக்கும் என்றும் டாக்டர் சொன்னதாக இன்று காலை சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம் சொன்னார்.

தந்தி கிடைத்து மகன் நல்லமுத்து இன்று காலை வந்தார். அம்மா வராததற்கு பஸ் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். நான் யார் என்று சொல்லிக்கொண்டேன். அவர், “நீங்கதானா கெணத்தக்கா? காயிதம் போட்டா ஒங்களப் பத்தித்தான் பாதி எழுதுவாக. ‘ஒரு அக்கா இருக்கா, எனக்கு இங்க தனிமையே இல்ல’ன்னு” என்றார். வேறு எதுவும் அவர் என்னிடம் கேட்கவில்லை. என் மேல் புகார் ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அறிகிறேன்.

மேலே உள்ளதை ஹெட் கான்ஸ்டபிள் எனக்குப் படித்துக் காட்டினார். அதில் ஒரு இடம் தவறாக இருக்கிறது. அந்த வரியை அடிக்க வேண்டாம், நான் முதலில் என்ன சொன்னேன் என்பதும் அப்படியே இருக்கட்டும், திருத்தத்தைக் கீழே எழுதினால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். திருத்தம் பின்வருமாறு.

22ஆம் தேதி வாளி விழுந்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அது சரியல்ல. சத்தம் வந்தது. 6.30 மணிக்குக் குடத்தால் சுவரில் மூன்று தடவை தட்டும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட மெதுவாக, கீழேயிருந்து வந்தது. நான் சமையலறைக் கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்று தட்டினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியுமா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, தெரியும், என்னைக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, ஆறு முதல் ஏழு வரை அவருடைய நேரம். ஒருவர் நேரத்தில் மற்றவர் கிணற்றடிக்கு வரக் கூடாது என்று நான்தான் எழுதியிருந்தேன்.

அதன் பிறகு பகல் மூன்று மணிக்கு ஒரே ஒரு தட்டு கேட்டது. அது என் நேரமும் அல்ல, அவர் நேரமும் அல்ல. அப்போதும் நான் போகவில்லை.

இந்தத் திருத்தத்தையும் சேர்த்து முழுவதும் மறுபடி படிக்கக் கேட்டேன். இப்போது இதில் தவறு ஒன்றும் இல்லை.

(ஒப்பம்)
பொ. சரஸ்வதியம்மாள்

என் முன்னிலையில் சொல்லி, படித்துக் கேட்டு, கையெழுத்திட்டார்.
ஏசுதாஸ், ஹெட் கான்ஸ்டபிள்
25-4-1974, மாலை 4.50 மணி